எறா கட்டைக்கு ஆறு பக்கம்

கல்யாணம் ஆன மூணாம் நாள் காலையில, தண்ணி புடிக்கக் குடத்தை எடுத்துக்கினு வெளிய வந்தா, குழாயடிக்குப் பக்கத்துல ஒரு ஆளு குப்புறக் கெடக்கறாரு. ஐயோன்னு கத்திக்கினு ஓடுனேன். கிட்ட போய்ப் பாத்தா கெடக்கலை, ஏறி ஏறி எறங்கிக்கினு கீறாரு. என் வூட்டுக்காரரேதான். மூச்சு வாங்கிக்கினே என்னை நிமிர்ந்து பாத்து, "அறுவத்தி நாலு"ன்னாரு. குடத்தை மண்டையில போட்டுடலாமான்னு வந்துச்சு எனக்கு. அந்தத் தண்டால் எண்ணிக்கைதான் அப்புறம் எங்க வூட்டு அலாரம். எழுவது தாண்டுனா காப்பி போடணும்.

எனக்கு மூக்கு மேல கோவம் வரும். அவருக்கு வரவே வராது. திருவொற்றியூர் ஹைரோட்டுல ஒரு கம்பெனியில வெல்டரு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, பீச்சோரமா தகர ஷெட்டுல இருந்த ஜிம்முல பசங்களுக்குத் தண்டால், பஸ்கி எல்லாம் சொல்லிக் குடுப்பாரு. பசங்கன்னா சின்னப் பசங்க இல்ல. ஹார்பர்ல லோடு ஏத்தறவன், ஆட்டோ ஓட்டறவன், ரெண்டு புள்ளை பெத்தவன், எல்லாரும் எங்க ஏரியாவுல பசங்கதான். அவருக்கு அவனுங்கன்னா உசுரு. அவனுங்களுக்கும் "அண்ணே, அண்ணே"ன்னு அவரு காலைச் சுத்திக்கினே இருக்கணும்.

கம்பெனி மூடறதுக்கு ஒரு வருஷம் முன்னால ஒரு இரும்பு பிளேட்டு சரிஞ்சு அவரு வலது மணிக்கட்டு மேல வுழுந்துச்சு. எலும்பு கூடுச்சு, ஆனா கோணலா கூடுச்சு. வெல்டிங் ஹோல்டரைப் புடிக்க முடியும், சோத்தைப் பெசைய முடியும். உள்ளங்கையைத் தரையில ஊன முடியாது. ஊனுனா உசுரு போற வலி. அப்புறம் கம்பெனியும் மூடிட்டாங்க. எர்ணாவூர்ல ஒரு லேத் பட்டறையில காண்ட்ராக்ட் வெல்டிங்குக்குப் போனாரு. வேலை போனதுக்கு அவரு அழுவலை. தண்டால் போனதுக்குத்தான் அழுதாரு. காலையில ஜிம்முக்குப் போய் ஸ்டூல் மேல குந்திக்கினு, மத்தவன் எடுக்கறதை எண்ணிட்டு வருவாரு. வூட்டுக்கு வந்தா பேச்சே இருக்காது. நான் என்ன கத்துனாலும் ஊம் கொட்டுவாரு. எனக்குப் பயமா போச்சு.

தண்டால் கட்டைன்னு ஒண்ணு எல்லா ஜிம்லயும் இருக்கும். கைப்பிடி வெச்ச ரெண்டு கட்டை. அதைப் புடிச்சிக்கினு எடுத்தா மணிக்கட்டு மடங்காது. ஆனா இவரு கை கோணல். நேரான கைப்பிடி ஒத்து வரலை. பட்டறையில வேஸ்ட்டா கெடந்த ராடை எடுத்து வளைச்சு வளைச்சுப் பாத்துக்கினு இருந்தாரு. ஒரு நாள் ஒண்ணைக் கொண்டாந்து என் முன்னால வெச்சாரு. கைக்கு ஒக்காந்துச்சு, அது நெஜம். பாக்கத்தான் சகிக்கலை.

"இன்னாயா இது? சாக்கடை மூடி தூக்கற கொக்கி மாதிரி கலீஜா கீது."

"வேலை செய்யுதுல்லமே?"

"கையால புடிக்கறதுக்கு முன்னாடி கண்ணால பாப்பான்யா மனுசன்."

நான் அப்போ வூட்லயே ரவிக்கைக்கு மிஷின் எம்பிராய்டரி போட்டுக்கினு இருந்தேன். பூவு, கொடி, மாங்கான்னு வரைஞ்சு வரைஞ்சு கை பழகிப் போச்சு. ஒரு பொருள் அசிங்கமா இருந்தா எனக்கு ஒடம்பே அரிக்கும்.

ஞாயித்துக்கெழமை காத்திவாக்கத்துலேருந்து ஒரு அக்கா கூடையில எறா கொண்டாருவாங்க. அன்னிக்கு நல்ல பெருசு. பேப்பர் விரிச்சு ஒக்காந்து உரிச்சிக்கினு இருந்தேன். பக்கத்துல அவரு அந்தக் கொக்கியைப் புடிச்சுப் புடிச்சுப் பாத்துக்கினு இருந்தாரு. ஒரு எறா மட்டும் வளைஞ்சு நின்னுக்கினு இருந்துச்சு. தலை முன்னால ஊனி, வாலு பின்னால விரிஞ்சு, நடுவுல முதுகு மேல தூக்கி. கையைக் கூடக் கழுவலை நான். ஸ்கூலுக்குப் போற எங்க புள்ளையோட சாக்பீஸை எடுத்து சிமெண்ட்டுத் தரையில வரைஞ்சேன். தலை ஒரு காலு. விரிஞ்ச வாலு இன்னொரு காலு. கை வெக்கிற எடம் முதுகு. எறா முதுகுல வரி வரியா இருக்குதே, அது கை வழுக்காம இருக்கறதுக்கு. மூணாவது வரி போடும்போது சாக்பீஸ் உடைஞ்சு கோடு கோணிக்கிச்சு. அவரு அதை அப்படியே பேப்பர்ல ஒத்தி எடுத்துக்கினு போயிட்டாரு.

மூணு வாரம் ஆச்சு. கோணல் கோடு உள்பட ஒண்ணு வுடாம செஞ்சு கொண்டாந்தாரு. ஜோடியா ரெண்டு இரும்பு எறா. நான்தான் செவப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். எறாக்கார அக்கா பாத்துட்டு, "இன்னாமே, வெந்த எறாவை வெச்சா கசரத்து பண்றாரு உன் வூட்டுக்காரரு?"ன்னு சிரிச்சாங்க. அவரு சிரிக்கலை. குழாயடிக்குப் பக்கத்துல வெச்சு, மெதுவா கையை ஊனி, ஒடம்பை எறக்குனாரு. ஏறுனாரு. மறுபடி எறக்குனாரு. பதினொண்ணு எண்ணுனேன். வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டுனாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு, அடக்க முடியலை. தெருவே பாத்துச்சு, பாக்கட்டும்னு வுட்டேன்.

ஜிம்முப் பசங்க அதுக்கு எறா கட்டைன்னு பேரு வெச்சானுங்க. ஆளாளுக்கு ஒரு ஜோடி கேட்டானுங்க. அப்புறம்தான் யாரோ சொல்லி, பெரியமேட்டுல விளையாட்டு சாமான் விக்கற ஒரு அண்ணாச்சிகிட்ட கொண்டு போனோம். தெக்கத்திக்காரரு, நல்ல மனுசன். கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"கடையில வைக்கதுக்கு எனக்கு ஆசைதான். ஆனா வச்ச பத்தாம் நாளு எவனாவது இதே மாதிரி செஞ்சு எறக்கிருவான். நீங்க வெறுங்கையோட நிப்பிய. மொதல்ல டிசைனப் பதிவு பண்ணிட்டு வாங்க. அந்தக் காயிதம் கையில இருந்தா, எத்தனை ஜோடினாலும் நான் எடுக்கேன்."

அவருதான் பாரிமுனையில ஒரு ஏஜென்ட்டு கிட்ட அனுப்புனாரு. மசாலா பொட்டலத்துக்குப் பேரு பதிவு பண்ணிக் குடுக்கிற ஆளு. அந்த ஏஜென்ட்டு சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

"இதோ பாருங்கம்மா. இது எப்படி வேலை செய்யுது, கைக்கு எவ்வளவு சுகம், அதெல்லாம் இந்த ஃபாரத்துல வராது. அதுக்கு இங்க உரிமையும் கெடையாது. இது வடிவத்துக்கு மட்டும். கண்ணுக்கு என்ன தெரியுதோ, அதுக்கு."

எங்க வூட்டுக்காரரு என் பக்கம் திரும்புனாரு. "அப்போ இது பூரா உன்னுதுமே"ன்னாரு. வெக்கமா போச்சு எனக்கு. அவரு ஏஜென்ட்டுகிட்ட, "இவ பேரையும் சேத்து எழுதுங்க சார்"ன்னாரு. ரேஷன் கார்டுல தவிர என் பேரு எங்கயும் எழுதுனதில்ல. அந்தக் காகிதம் வந்துட்டா, யார் பட்டறையிலயோ கூலிக்குக் குனியாம, சொந்தமா ஒரு ஷெட்டு போட்டுடலாம். எறா கட்டை எங்களுதுன்னு ஆயிடும். அதைத்தான் ரெண்டு பேரும் பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் பேசிக்கினு வந்தோம். ரொம்ப நாள் கழிச்சு அவரு வாயாடுனாரு.

கட்டையை ஆறு பக்கமும் போட்டோ எடுக்கணும்னு ஏஜென்ட்டு சொல்லியிருந்தாரு. முன்னால, பின்னால, ரெண்டு பக்கம், மேல, கீழ. ராயபுரத்துல ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அந்த ஆளு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போட்டோ புடிக்கிறவரு. "கீழயுமா?"ன்னு மூணு வாட்டி கேட்டாரு. கட்டையை வெல்வெட்டு துணி மேல வெச்சு, பின்னால அருவி படம் போட்ட திரையைத் தொங்கவுட்டு, ஜோரா எடுத்துக் குடுத்தாரு. ஏஜென்ட்டு பாத்துட்டு நெத்தியில அடிச்சிக்கினாரு. "அருவி எல்லாம் வரக்கூடாதுங்க. வெறும் வெள்ளைத் துணி." மறுபடி எடுத்தோம். அருவிப் போட்டோ ஆறும் என்கிட்டயே தங்கிடுச்சு. "ஃபாரம் போடற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க"ன்னாரு ஏஜென்ட்டு. சரி சார்னு தலையாட்டிட்டு வந்தேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்ன ஆட்டோ ஓட்டற பையன் வந்தான். "அண்ணி, எறா கட்டை போட்டோ கீதாமே? குடேன், ஜிம்முல மாட்டறோம்." அருவிப் போட்டோ ஆறையும் எடுத்துக் குடுத்தேன். ஏஜென்ட்டு சொன்னது மறக்கலை. சத்தியமா மறக்கலை. யாருக்கும் காட்டாதேன்னா, கடைக்காரனுக்கும் கம்பெனிக்காரனுக்கும் காட்டாதேன்னுதானே? நம்ம பசங்க யாரோவா? அவனுங்க வந்து சோறு தின்னுட்டுப் போறவனுங்க. அவனுங்களைப் போய் யாரோன்னு நெனைக்க எனக்குத் தோணவே இல்ல.

பொங்கலன்னிக்குக் காலையில பால் வாங்கப் போனா, ரேஷன் கடை சுவத்துல ஆள் ஒசரத்துக்கு ஒரு போஸ்டரு. "தமிழர் திருநாள் நல்வாழ்த்துகள்! ஒற்றியூரின் ஒற்றைச் சிங்கமே! எறா கட்டை கண்ட எங்கள் அண்ணனே!" நடுவுல இவரு மூஞ்சி. சுத்தி, அருவிக்கு முன்னால ஆறு எறா கட்டை, ஆறு பக்கமும். கீழ வரிசையா பசங்க மூஞ்சி, அத்தினி பேரும் கூலிங் கிளாஸ். எந்த வருஷத்துப் பொங்கல்னு மட்டும் போடலை. நான் பால் குண்டானோட நின்னு என் எறாவையே பாத்துக்கினு இருந்தேன். என் கோணல் கோடு அம்மாம் பெருசா சுவத்துல! வாய் கொள்ளாத சிரிப்பு எனக்கு. வூட்டுக்கு ஓடி அவரைக் கூட்டிக்கினு வந்தேன். அவரு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு, சுத்தி யாராவது பாக்கறாங்களான்னு பாத்துட்டு, ரொம்ப நேரம் நின்னாரு. "பைத்தியக்காரப் பசங்க"ன்னாரு. அவ்ளோ சந்தோஷமா அவரு யாரையும் திட்டி நான் கேட்டதில்ல.

பொங்கல் முடிஞ்சு கையெழுத்துப் போடப் பாரிமுனைக்குப் போனோம். ஏஜென்ட்டு ஃபாரத்தை நீட்டிக்கினே கேட்டாரு. "எங்கயும் வெளியாகலையே? வெளியான டிசைனுக்குப் பதிவு நிக்காது."

நான் ஃபாரத்தைத் தொடாம கேட்டேன். "சார், சுவத்துல ஒட்டுனா அது வெளியானதா சார்?"

அவரு பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, "எத்தனை ஒட்டியிருக்கானுங்க?"ன்னாரு. ராயபுரம் பாலத்துலேருந்து எண்ணூர் வரைக்கும்னாரு எங்க வூட்டுக்காரரு. குரல்ல கொஞ்சம் பெருமை இருந்துச்சோன்னு எனக்கு டவுட்டு. ஏஜென்ட்டு ஜன்னலைப் பாத்துக்கினு, "நீங்க சொன்னது என் காதுல வுழலை. போய் மொதல்ல கிழிங்க"ன்னாரு. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் விடிஞ்சும் விடியாததுமா பக்கெட்டுல தண்ணி, அவருக்கு ஒரு பட்டி பிளேடு, எனக்கு ஒரு தோசைக் கரண்டி. சுவத்துல தண்ணியை அடிச்சு, ஊறவுட்டு, சொரண்டறது. பசைன்னா பசை அப்படி ஒரு பசை! மைதாவைக் காய்ச்சிப் பாசமா தடவியிருக்கானுங்க. நாலு நாள்ல திருவொற்றியூரை முடிச்சோம். நகமெல்லாம் பேப்பர் கூழு. பசங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம்யான்னு தலைப்பாடா அடிச்சிக்கினேன். அவரு கேக்கலை. "ஆசையா செஞ்சானுங்கமே. அதுவே நமக்கு ஆப்புன்னு எந்த வாயால சொல்றது?"

அஞ்சாம் நாள் பசங்க பத்து பேரு உருட்டுக் கட்டையைத் தூக்கிக்கினு ரோட்டுல எறங்கிட்டானுங்க. காசிமேட்டு ஜிம்முக்காரன்தான் பொறாமையில அண்ணன் போஸ்டரைக் கிழிச்சுட்டான்னு சண்டைக்குக் கெளம்பிட்டானுங்க. இவரு குறுக்கால ஓடிப்போய் நின்னாரு. "டேய், அவனுங்க இல்லடா. நான்தாண்டா கிழிச்சேன்." பசங்க அப்படியே நின்னுட்டானுங்க. நான் நெனைச்சேன், சரி, இப்பவாவது சொல்லிடுவாருன்னு. எங்க சொல்றாரு! "எனக்கு எதுக்குடா இதெல்லாம்"னு தலையைக் குனிஞ்சிக்கினாரு. லோடு ஏத்தற பையனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "பாத்தியா மச்சி, அண்ணனுக்கு வெளம்பரமே புடிக்காதுடா"ன்னான். மறுநாள் காலையில பாத்தா, கிழிச்ச எடத்துல எல்லாம் புதுசா ஒட்டியிருக்கு. இந்த வாட்டி ஒசரமா, கைக்கு எட்டாத எடத்துல. மேல ஒரு வரி கூட சேத்திருந்தானுங்க: "விளம்பரம் விரும்பா வீரனே!"

நான் பக்கெட்டைக் கீழ வெச்சிட்டு ரோட்டு ஓரத்துலயே குந்திட்டேன். கோவம் வரலை எனக்கு. எனக்கே கோவம் வரலைன்னா பாத்துக்கோங்க. யாரை ஏசறது? அண்ணிக்காகவும் அண்ணனுக்காகவும் அவனுங்க ராவும் பகலும் ஏணி தூக்கிக்கினு அலைஞ்சிருக்கானுங்க. நாங்களும் ஏணி வாங்கி மறுபடி மொதல்லேருந்து சொரண்டுனோம். எண்ணூர் வரைக்கும் ஒண்ணு வுடலை.

கல்கத்தாவுலேருந்து காகிதம் வந்தப்போ வருஷம் திரும்பப் போவுது. சீலு, நம்பரு, அவரு பேரு, என் பேரு. கண்ணாடி போட்டு மாட்டுனேன். அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாத்துனாரு. ஓலைக் கொட்டாய் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, செகண்டு ஹேண்டு வெல்டிங் மிஷினு வாங்கிப் போட்டு, அவரு செய்வாரு, நான் பெயிண்டு அடிப்பேன். அந்த ஏழெட்டு மாசம் எங்க வூட்ல எழுவது தாண்டித் தொண்ணூறு வரைக்கும் எண்ணுனாரு. அதுக்குள்ள சுனாமி வந்து ஜிம்மு ஷெட்டைக் கொண்டு போச்சு. பசங்களுக்கு நல்லவேளை ஒண்ணும் ஆகலை. புதுசா ஷெட்டு போட இவருதான் வெல்டிங் வெச்சாரு.

அப்புறம் ஒரு நாள் அண்ணாச்சி கூப்புட்டு அனுப்புனாரு. மேசை மேல ரெண்டு எறா. பிளாஸ்டிக்கு. வடக்கே ஏதோ ஒரு ஊருல ஒரு பெரிய கம்பெனி அச்சுல ஊத்தி எறக்கியிருக்கான். எங்க வெலையில பாதி கூட இல்ல. நான் எடுத்து முதுகைத் தடவிப் பாத்தேன். மூணாவது வரி கோணல். என் புள்ளையோட சாக்பீஸ் உடைஞ்ச கோணல், அவன் அச்சுல அப்படியே கீது! கஸ்மாலம், திருடறவன் அதையாவது நேரா போட்டிருக்கக் கூடாதா? எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

நோட்டீஸ் வுட்டோம். அவன் பதிலுக்கு எங்க பதிவையே ரத்து பண்ணச் சொல்லி கல்கத்தாவுல மனு போட்டான். இந்த டிசைன் பதிவுக்கு முன்னாடியே ஊருக்கே தெரியும்னு எழுதியிருந்தான். கூடவே ஆதாரம்னு போஸ்டரோட நகல்.

ஒண்ணு வுடாம கிழிச்சோமே, எப்படிப் போச்சுன்னு தலையைப் பிச்சிக்கினேன். ஜிம்முல போய்க் கேட்டேன். ஆட்டோ ஓட்டற பையன் சிரிச்சிக்கினே சொன்னான். "ஒரு சாரு வந்தாரு அண்ணி, டிப் டாப்பா. அண்ணனோட பெரிய ஃபேனாம். போஸ்டரு கெடைக்குமான்னாரு. மடிப்பு கலையாம ஒண்ணே ஒண்ணு எடுத்து வெச்சிருந்தோம்ல, அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் குடுத்து அனுப்புனோம்." நான் அவன் மூஞ்சியையே பாத்துக்கினு நின்னேன். இவன்கிட்ட என்னன்னு சொல்றது? வூட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கினு அழுதேன்.

கல்கத்தாவுக்கு ரெண்டு பேரும் ரயில் ஏறுனோம். பையில ஒரு ஜோடி எறா கட்டை, கண்ணாடியிலேருந்து கழட்டுன காகிதம், புளிசோறு. அங்க ஒரு வக்கீலை ஏஜென்ட்டு ஏற்பாடு பண்ணியிருந்தாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவரு பாஷை தெரியாது. ஏஜென்ட்டு போன்ல எங்களுக்கு விளக்குனாரு. "போஸ்டர்ல வருஷம் இல்ல. அதான் நமக்கு இருக்கற ஒரே வழி. கேஸுக்காக எதிர்க்கட்சிக்காரனே அடிச்ச போலின்னு நம்ம வக்கீல் சொல்வாரு. நீங்க ரெண்டு பேரும் வாயைத் தொறக்காதீங்க. தொறந்தா எல்லாம் போச்சு." எனக்கும் அது பொய்யின்னு தெரியும். திருட்டுப் பயலுக்கு முன்னால ஒரு பொய்யி சொன்னா இன்னா தப்பு? வராந்தாவுலயே அவரு கையைப் புடிச்சு எழுத்தெழுத்தா சொன்னேன். "வாயைத் தொறக்காதே. என்னா சொன்னாலும் தொறக்காதே." சரின்னு தலையாட்டுனாரு.

ஒரு சின்ன ரூம்பு. கண்ணாடி போட்ட வயசான ஆபீசரு. மேசையில ஒரு பக்கம் எங்க இரும்பு எறா, ஒரு பக்கம் அவன் பிளாஸ்டிக் எறா. நடுவுல போஸ்டரைப் பிரிச்சு விரிச்சானுங்க. ஒரு கிழிசல் இல்ல, ஒரு கறை இல்ல. நான் நேரா என் கோணல் கோட்டைத்தான் பாத்தேன். எங்க வக்கீல் எழுந்து பேசுனாரு. இங்கிலீஷு எனக்கு முழுசா புரியலை, ஆனா "பேக், பேக்"ன்னு போஸ்டரைக் காட்டிக் காட்டிச் சொன்னாரு. போலின்னு அர்த்தம், ஏஜென்ட்டு சொல்லியிருந்தாரு. அப்புறம் அவரு கீழ வரிசையில இருந்த கூலிங் கிளாஸ் மூஞ்சிங்களை வெரலால ஒண்ணொண்ணா தட்டிக்கினே போனாரு. இதெல்லாம் காசுக்குப் புடிச்ச ஆளுங்க, நெஜத்துல அப்படி ஜிம்முப் பசங்களே கெடையாதுன்னு சொல்றாருன்னு அந்த வெரல்லயே புரிஞ்சிச்சு.

பக்கத்துல நாற்காலி நகர்ற சத்தம். என் வூட்டுக்காரரு எழுந்து நின்னுட்டாரு. புடவைத் தலைப்பால மறைச்சிக்கினு அவரு தொடையைக் கிள்ளுனேன். நல்லா அழுத்திக் கிள்ளுனேன்.

"நோ சார்"ன்னாரு. "நோ பேக். மை பாய்ஸ். ஆல் மை பாய்ஸ் சார்."

எங்க வக்கீல் கண்ணை மூடிக்கினாரு. ஆபீசரு கண்ணாடியைக் கழட்டிட்டு, கொழந்தைகிட்ட கேக்கற மாதிரி மெதுவா கேட்டாரு. எப்போ ஒட்டுனது, ஃபாரம் போடறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? அவ்ளோதான், இப்பவாவது பின்னாலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுய்யான்னு மனசுக்குள்ள கெஞ்சுனேன். எனக்குத் தெரிஞ்ச சாமி அத்தினியையும் கூப்புட்டேன். வடிவுடையம்மனைக் கூப்புட்டேன், பீச்சாண்ட மாதா கோயிலையும் கூப்புட்டேன்.

"பிஃபோர் சார்"ன்னாரு.

எதிர்க்கட்சி வக்கீலுங்க கூட சிரிக்கலை. ஆபீசரு எழுதுனாரு. எழுதி முடிச்சு ஃபைலை மூடப் போகும்போது இவரு இன்னும் நின்னுக்கினே இருந்தாரு. போஸ்டரைக் காட்டி, "சார், தட் பேப்பர். ஐ டேக் சார்?"ன்னு கேட்டாரு. ஆபீசருக்கு மொதல்ல புரியலை. புரிஞ்சதும் பாவமா பாத்துட்டு இல்லன்னு தலையாட்டுனாரு. ஃபைலோடதான் இருக்கணுமாம். நாலா மடிச்சு உள்ள வெச்சுக் கயிறு கட்டிட்டாங்க.

ரயில்ல ஒக்காந்ததும் புடி புடின்னு புடிச்சேன். "அறிவுகீதாயா உனக்கு? வாயை மூடிக்கினு குந்துடான்னா அதைக் கூட செய்ய முடியாதா? உன்னுது மட்டுமா போச்சு? என்னுதும்தானே போச்சு? நான் வரைஞ்சதுய்யா அது!" பக்கத்து சீட்டுக்காரங்கெல்லாம் பாஷை புரியாம பாத்துக்கினு இருந்தாங்க. அவரு மடியில இருந்த எறா கட்டையோட வாலைத் துண்டால தொடைச்சிக்கினு இருந்தாரு. தொடைச்சிக்கினே, "அவனுங்க மூஞ்சியைப் போய் பொய்யின்றான்மே"ன்னாரு. நான் திட்டறதை வுட்டுட்டுப் பையை எடுத்து மடியில வெச்சிக்கினேன். என் பேரு போட்ட காகிதம் பையில இருந்துச்சு, ஆனா அது இனிமே வெறும் காகிதம்.

ஜன்னல் பக்கமா பாத்துக்கினே அவரு கேட்டாரு. "அதுல என் போட்டோ நல்லா இருந்துச்சுல்ல? நீ பாத்தேல்ல?"

நான் யோசிச்சுப் பாத்தேன். பொங்கலன்னிக்கு ரேஷன் கடை சுவத்துல நான் என் எறாவைத்தான் பாத்தேன். அப்புறம் ராயபுரம் பாலத்துலேருந்து எண்ணூர் வரைக்கும் அந்த மூஞ்சியைத் தோசைக் கரண்டியால சொரண்டி எடுத்தது நான்தான். கல்கத்தாவுல மேசை மேல விரிச்சப்பவும் கோணல் கோட்டைத்தான் பாத்தேன். அந்தப் போட்டோவுல அவரு சிரிச்சிக்கினு இருந்தாரா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது.

"நல்லா இருந்துச்சுயா"ன்னேன்.